நம்ம மாவட்டத்தில் தனியாகக் கிடைக்கும் தனிமம் எது?

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிளஸ் ஒன் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இயற்கையில் கிடைக்கும் தனிமங்கள் 92 என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது, 94 என்று இன்னொன்றில் இருக்கிறது. எது சரி சார்? அதில் எத்தனை நம்ம வேலூர் பக்கம் தனியாகக் கிடைக்கும்? மற்றதெல்லாம் ஏன் சேர்மமாகவே இருக்கின்றன? எங்க ஊரில் பார்த்தால் கல்லும் மண்ணும்தான் தெரிகிறது."

நல்ல கேள்வி. நான் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், பழக்கதோஷத்தில் 'நீ' என்றே எழுதுவேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்பார்கள். சாமி 1981-லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், அதை விடு. மரமில்லா மலையும் நீரில்லா ஆறும் வேதியியல் படிக்கிறவனுக்குக் கொடுத்து வைத்த விஷயம். கேரளாவில் பாறையைப் பார்க்க வேண்டுமென்றால் காட்டை விலக்க வேண்டும். இங்கே பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். "கல்லும் மண்ணும்தான்" என்று நீ சலித்துக்கொண்டதில்தான் உன் கேள்விக்குப் பாதிப் பதில் கிடக்கிறது.

முதலில் எண்ணிக்கையை முடித்துவிடுவோம். இதுவரை பெயர் வைத்த தனிமங்கள் 118. பூமி உருவானபோதே இதற்குள் வந்து, 450 கோடி ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்து இன்னும் இருப்பவை 83. அந்த 83-இல் 80 தனிமங்களுக்குச் சிதையாத அணுவகை ஒன்றாவது உண்டு. மீதி மூன்று பிஸ்மத், தோரியம், யுரேனியம். இவை சிதைகின்றன, ஆனால் அவசரமே இல்லாமல். யுரேனியத்தின் முக்கிய வகை பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டு, தோரியத்துக்கு 1400 கோடி. பிஸ்மத் சிதைகிறது என்பதே 2003-இல்தான் உறுதியானது, அதுவரை நிலையானது என்றுதான் நாங்கள் பாடம் நடத்தினோம்.

இன்னும் 11 தனிமங்கள் பிறந்து பிறந்து அழிபவை. பொலோனியம், அஸ்டடைன், ரேடான், பிரான்சியம், ரேடியம், ஆக்டினியம், புரோட்டாக்டினியம் ஆகிய ஏழும் யுரேனியமும் தோரியமும் சிதையும் வழியில் வருபவை. டெக்னீசியமும் புரொமீத்தியமும் யுரேனிய அணு தானாகப் பிளக்கும்போது துளித்துளியாகப் பிறப்பவை. நெப்டியூனியமும் புளூட்டோனியமும் யுரேனியத் தாதுவுக்குள் நியூட்ரான் மோதுவதால் மிக மிகக் கொஞ்சம் உண்டாகின்றன. 83-உம் 11-உம் சேர்த்தால் 94. யுரேனியம் 92-ஆவது என்பதால் அதோடு நிறுத்திக்கொண்ட பழைய கணக்குதான் 92. சில பட்டியல்களில் 98 என்றுகூட இருக்கும். என்னைக் கேட்டால் 94 என்பேன். ஆனால் தேர்வில் உன் பாடப்புத்தகம் என்ன சொல்கிறதோ அதையே எழுது. திருத்துகிறவரிடம் போய் வாதாட முடியாது.

இந்தப் பதினொன்றில் டெக்னீசியத்தின் கதை நம்ம ஊரோடு ஒட்டியது. 1937-இல் இத்தாலியில் செக்ரேவும் பெரியரும், துகள்முடுக்கியில் அடிவாங்கிய ஒரு மாலிப்டினத் தகட்டிலிருந்து அதைப் பிரித்தார்கள். மனிதன் செய்த முதல் தனிமம் என்பதால் 'செயற்கை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை வைத்துப் பெயரிட்டார்கள். இயற்கையில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க 1960-கள் வரை ஆனது, அதுவும் யுரேனியத் தாதுவில் கண்ணுக்கே தெரியாத அளவு. அப்படிப்பட்ட தனிமம் வேலூர் சி.எம்.சி.யின் அணு மருத்துவப் பிரிவில் நோயாளிகளுக்கு ஊசியாகப் போகிறது. எலும்பு ஸ்கேன், தைராய்டு ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் அதில் வேலை செய்வது டெக்னீசியம்தான். மாலிப்டினத்திலிருந்து அங்கேயே கறந்துகொள்கிறார்கள், 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். 'இயற்கையில் கிடைக்கும்' என்பதற்கும் 'கைக்குக் கிடைக்கும்' என்பதற்கும் எவ்வளவு தூரம் பார்.

சரி, இரண்டாவது கேள்வி. நம்ம பக்கம் தனியாகக் கிடைப்பவை எவை?

மலை ஏற வேண்டாம், மூச்சை இழு. இப்போது உன் நெஞ்சுக்குள் போனதில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், 0.93 சதவீதம் ஆர்கான். இதோடு பத்து லட்சத்தில் 18 பங்கு நியான், 5 பங்கு ஹீலியம், 1 பங்கு கிரிப்டான், அதற்கும் கீழே கொஞ்சம் செனான், கொஞ்சம் ஹைட்ரஜன். இவை எல்லாமே வேறு தனிமத்தோடு சேராமல் நிற்பவை. நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஜோடியாகத் திரிகின்றன என்றாலும் தன் இனத்தோடுதான் ஜோடி, அதனால் தனிமமே. ஆக வட ஆற்காட்டில் தனியாகக் கிடைக்கும் தனிமங்களில் பெரும்பகுதி நமக்குக் கண்ணில் படுவதே இல்லை.

ஆர்கானைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பாடப்புத்தகங்கள் 'மந்த வாயு' என்று ஒரு வரியில் கடந்துவிடும். காற்றில் இருக்கும் ஆர்கானில் 99 சதவீதத்துக்கு மேல் பாறையிலிருந்து வந்தது. பாறையில் இருக்கும் பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை இருக்கிறது. அது சிதையும்போது பத்தில் ஒன்பது கால்சியமாகவும் ஒன்று ஆர்கானாகவும் மாறுகிறது. பாறை உருகும்போதும் மட்கும்போதும் அந்த ஆர்கான் வெளியேறி வானத்தில் சேர்ந்துகொள்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த வேலை நடக்கிறது. நீ தினமும் பார்க்கும் மொட்டை மலைகளிலும் பொட்டாசியம் ஏராளம், அவையும் தங்கள் பங்கைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஹீலியமும் இதே போலத்தான், யுரேனியமும் தோரியமும் கக்கும் ஆல்பா துகள்தான் திருவிழா பலூனில் இருக்கும் ஹீலியம். உன் உடம்பிலும் இந்தப் பொட்டாசியம்-40 உண்டு. வளர்ந்த ஓர் ஆளுக்குள் நொடிக்குச் சுமார் 4000 அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. பயப்படாதே, எல்லா மனிதருக்கும் எப்போதும் இப்படித்தான்.

ஆக்சிஜன் தனியாக இருப்பதுதான் உண்மையில் ஆச்சரியம். எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்கிற பேர்வழி அது. செடிகொடிகளும் நீரில் வாழும் நுண்ணுயிர்களும் விடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால்தான் காற்றில் நிற்கிறது. அவை நிறுத்தினால் இரும்பும் கந்தகமும் கரியும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும். காற்றில் தனி ஆக்சிஜன் சேர ஆரம்பித்தது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன். வேலூரையும் கிருஷ்ணகிரியையும் சுற்றியுள்ள பழைய பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி. அதாவது இந்த மலைக்கல் உருவான நாளில் மூச்சு விடக் காற்றில் ஆக்சிஜன் கிடையாது. ஆனால் கல்லுக்குள் இருந்தது, அப்போதும் இப்போதும் எடையில் கிட்டத்தட்டப் பாதி ஆக்சிஜன்தான். கோட்டைச் சுவரில் இருக்கும் நூறு கிலோ கல் ஒன்றுக்குள், ஆஸ்பத்திரியில் வைக்கும் பெரிய ஜம்போ சிலிண்டர் ஐந்தில் அடங்கும் ஆக்சிஜன் இருக்கிறது. அத்தனையும் சிலிக்கான் பிடியில். ஒரு மூச்சுக்குக்கூட உதவாது.

நைட்ரஜன் இதற்கு நேர்மாறு. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்பால் கட்டிக்கொண்டால் எளிதில் பிரியாது. மின்னல் பிரிக்கும். அப்புறம் உங்கள் நிலத்திலேயே ஒருவர் பிரிக்கிறார். மல்லாட்டைச் செடியை (வேர்க்கடலை என்று டவுனில் சொல்வார்கள், சிலர் மணிலா என்பார்கள்) நாற்பது நாளில் ஒன்று மெதுவாகப் பிடுங்கி, வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பார். கேழ்வரகு அளவுக்குக் குட்டிக் குட்டி முடிச்சுகள் இருக்கும். நோய் என்று நினைத்துவிடாதே. ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், நம் ரத்தத்தில் இருப்பதைப் போன்ற இரும்புச் சேர்மம் அது. உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் அளவாகப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்கிறது. அந்த பாக்டீரியாதான் காற்றின் நைட்ரஜனை உடைத்து அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கிறது. உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முடிச்சு வேலையை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். அதே சமயத்தில் உங்கள் வீட்டில் மண் அணைக்கும்போது ஜிப்சம் போடுவார்களே, அது கால்சியம் சல்பேட். காய் திரளக் கால்சியமும் எண்ணெய் ஏறக் கந்தகமும் அதிலிருந்து கிடைக்கிறது. தனிமமாக இருக்கும் நைட்ரஜனைச் செடியால் நேரடியாகத் தொட முடியாது, சேர்மமாக வந்தால்தான் சாப்பாடு. இதை நினைவில் வை.

கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தனியாகக் கிடைக்கும் தனிமம் என்றால் தங்கம். நம்ம எல்லைக்குள் இல்லை, ஆனால் பேரணாம்பட்டு மலையேறி வி.கோட்டா தாண்டினால் கோலார் தங்க வயல். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இறங்கியதிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் மூடும்வரை 3 கிலோமீட்டர் ஆழத்துக்கும் மேலே போய்த் தோண்டினார்கள். குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள், அதிலும் வட ஆற்காட்டுக்காரர்கள் நிறைய. உங்கள் ஊரில் விசாரித்துப் பார், "தாத்தா கோலாருக்குப் போனவர்" என்று சொல்ல இரண்டு வீடாவது இருக்கும். அங்கே தங்கம் தங்கமாகவே வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லின் நரம்புக்குள் இருந்தது. உருக்கித் தாதுவிலிருந்து பிரிக்க வேண்டிய அவசியமில்லை, கல்லைப் பொடியாக்கி அதிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுத்தால் போதும். ஆனால் ஒரு டன் கல்லுக்குச் சில கிராம். கடைசிக் காலத்தில் செலவுக்கே கட்டவில்லை.

தங்கம் ஏன் தனியாக நிற்கிறது? தன் வெளி எலக்ட்ரானை விடுவதற்கு அதற்கு மனசே வராது, ஆக்சிஜனோடு கட்டிவைத்தாலும் கொஞ்சம் சூடு பட்டால் பிரிந்துவிடும். ஸ்ரீபுரம் பொற்கோயிலில் செப்புத் தகட்டின் மேல் தங்க ஏடு ஒட்டியிருக்கிறார்கள். தங்கம் உரிந்த இடம் என்று ஒன்று வந்தால் அங்கே செம்பு கறுத்துப் பின் பச்சை பூக்கும், பக்கத்திலிருக்கும் தங்கம் அப்படியே இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இதே குணத்தால் வெள்ளி, பிளாட்டினம், சில இடங்களில் செம்பு, பாதரசம் ஆகியவையும் இயற்கையில் தனியாகக் கிடைக்கின்றன. கந்தகம் எரிமலைப் பக்கம், கரி கிராஃபைட்டாகவும் வைரமாகவும். நம்ம பக்கம் இவற்றில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

மற்றதெல்லாம் ஏன் சேர்மம் என்பதற்குப் பதில் இப்போது பாதி வந்துவிட்டது. தனியாக இருப்பது பெரும்பாலான தனிமங்களுக்கு மேட்டில் நிற்கும் கல் மாதிரி, சேர்மமாவது பள்ளத்தில் உருண்டு உட்காருவது. உருளும்போது வெப்பம் வெளியேறும். மறுபடி மேலே ஏற்ற அதே அளவு கூலி கொடுக்க வேண்டும். இரும்பு ஆலைக்குக் கரி வேண்டியிருப்பதும் அலுமினியத்துக்கு மின்சாரம் கொட்ட வேண்டியிருப்பதும் இந்தக் கூலிதான். பூமியின் மேலோட்டில் 8 சதவீதம் அலுமினியம், உன் காலடிச் செம்மண்ணிலும் இருக்கிறது. ஆனாலும் 1825 வரை அலுமினிய உலோகத்தை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

இனி உன் கல்லுக்கும் மண்ணுக்கும் வருவோம்.

பாலாற்று மணலை உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளி வெயிலில் பார். கண்ணாடி மாதிரி இருக்கும் துகள் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும். பெரிய துண்டாகக் கிடந்தால் அதுதான் நாம் வெங்கச்சங்கல் என்பது. இருட்டறையில் இரண்டை வைத்து ஓங்கி உரசினால் உள்ளுக்குள் மஞ்சளாக ஒளி மின்னும். சின்ன வயசில் செய்திருப்பாய். வெள்ளையாகவோ லேசான ரோஸ் நிறத்திலோ தட்டையாக உடைந்திருப்பது ஃபெல்ட்ஸ்பார், அதில் பொட்டாசியம், சோடியம், கால்சியம், அலுமினியம் எல்லாம் இருக்கிறது. இது மட்கினால் களிமண். வயலுக்குப் பொட்டாசியம் முதலில் இங்கிருந்துதான் வருகிறது. கறுப்புத் துகள்களில் ஒரு பகுதி மேக்னடைட், இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது, காந்தத்தில் ஒட்டும். முன்பு நம்ம மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலைப் பக்கம் கவுத்திமலை, வேடியப்பன் மலையில் இதே மேக்னடைட்டும் குவார்ட்ஸும் வரி வரியாக அடுக்கி நிற்கின்றன. இரும்பு இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன் ஏற்றுக்கொண்டால் சிவப்பு, அதுதான் செம்மண் நிறம். குயவர் சூளையில் காற்று நன்றாகப் போனால் பானை சிவப்பாகும், வாயை மூடிப் புகையை அடக்கினால் அதே மண் கறுப்பாகும். ஒரே இரும்பு, ஆக்சிஜன் கணக்கு மட்டும் வேறு.

மணலில் இன்னொன்று மினுக்கும். காக்காப்பொன். புத்தகத்தில் மைக்கா, அப்பிரகம் என்றிருக்கும். எனக்குக் 'காக்காப்பொன்' என்ற பெயர்தான் பிடிக்கும், காக்கை பொன் என்று ஏமாந்து தூக்கிப் போனது போலவே இருக்கிறது. இதைப் பார்க்க நல்ல இடம் திருப்பத்தூர் பக்கம் சேவத்தூர்.

சேவத்தூரைப் பற்றி நம்ம ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாது, ஆனால் உலகத்துப் புவியியல்காரர்களுக்குத் தெரியும். 75 முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன், ஏலகிரிக் கல் உருவான அதே காலத்தை ஒட்டி, அங்கே பூமிக்கடியிலிருந்து ஒரு வினோதமான குழம்பு மேலே வந்து இறுகியது. வழக்கமான பாறைக் குழம்பில் சிலிக்கா நிறைந்திருக்கும், இதில் கார்பனேட் நிறைந்திருந்தது. சுண்ணாம்புக்கல்லை உருக்கி ஊற்றினால் எப்படியோ அப்படி. கார்பனடைட் என்று பெயர். இன்றைக்கு அந்த மாதிரிக் குழம்பைக் கக்கிக்கொண்டிருக்கும் எரிமலை உலகத்தில் ஒன்றே ஒன்று, தான்சானியாவில். இந்தப் பாறையில் சாதாரணப் பாறை ஒதுக்கித் தள்ளும் தனிமங்கள் எல்லாம் வந்து சேரும்: பாஸ்பரஸும் புளோரினும் சேர்ந்த அபடைட், நியோபியமும் யுரேனியமும் கொண்ட பைரோகுளோர், ஸ்ட்ரான்சியம், பேரியம், அருமண் தனிமங்கள். தனிமவரிசை அட்டவணையின் ஓரத்தில் இருப்பவை எல்லாம் திருப்பத்தூர்க் கொல்லைக்கு அடியில்.

அங்கே அரசின் தமிழ்நாடு கனிம நிறுவனம் எடுப்பது வெர்மிகுலைட். காக்காப்பொன் மட்கித் தண்ணீரை அடுக்குக்கு அடுக்கு இழுத்து வைத்துக்கொண்ட வடிவம் அது. பல வருஷம் முன்னால் மாணவர்களோடு போனபோது ஒரு தகட்டை எடுத்து வந்து, வீட்டில் இடுக்கியால் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டினேன். பழுப்பு நிறத்தில் நகத்தளவு இருந்தது. நாலைந்து நொடி ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் திடீரென்று புழு நெளிவது மாதிரி நீண்டது. உள்ளே இருந்த தண்ணீர் ஆவியாகி அடுக்குகளைத் தள்ளிவிட்டது, ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி விரிவது போல. இரண்டு மில்லிமீட்டர் தகடு ஒரு விரற்கடை நீளத்துக்கு வந்து, நிறமும் தங்கம் போல ஆகிவிட்டது. என் மனைவி "அடுப்பில் பூச்சியையா கொளுத்துறீங்க?" என்றாள். அவள் கேட்டதும் சரிதான், வெர்மிகுலைட் என்ற பெயரே லத்தீனில் புழு என்ற சொல்லிலிருந்து வந்தது. நர்சரியில் தொட்டி மண்ணோடு கலப்பார்களே, மினுமினுப்பாக எடையே இல்லாமல், அது இதுதான். நீ செய்து பார்ப்பதென்றால் கண்ணைத் தள்ளி வைத்துக்கொள், சில சமயம் தெறிக்கும்.

அபடைட்டில் புளோரின் என்றேன். அது நம்ம மாவட்டத்துக்குச் சொந்தப் பிரச்சினை. புளோரினை விட வெறி பிடித்த தனிமம் கிடையாது. 1886-இல் மாய்சான் அதைத் தனியாகப் பிரிப்பதற்குள் சிலர் உயிரையே விட்டார்கள். இயற்கையில் தனியாகக் கிடைக்கவே கிடைக்காது என்றுதான் நான் முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். 2012-இல் ஜெர்மனியில் ஒரு கறுப்புப் புளோரைட் கல்லுக்குள் தனிப் புளோரின் அடைபட்டிருப்பதை நிரூபித்துவிட்டார்கள். கல்லில் இருக்கும் யுரேனியக் கதிர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைத்திருக்கிறது. உடைத்தால் நாற்றம் அடிக்கும் என்பதால் 'நாற்றக் கல்' என்றே அதற்குப் பெயர். நம்ம கிணற்றுத் தண்ணீரில் இருப்பது இந்தப் புளோரின் இல்லை, புளோரைடு. ஓர் எலக்ட்ரானைப் பெற்று அடங்கிவிட்டது. "தண்ணியில புளோரின் இருக்கு" என்று யாராவது சொன்னால் திருத்து.

அபடைட், காக்காப்பொன், ஹார்ன்பிளெண்டு போன்றவற்றிலிருந்து அது ஆழ்துளைக் கிணற்றுக்குள் கரைகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழும், இன்னும் மேலே போனால் எலும்பு இறுகும். திருப்பத்தூர் பக்கத்து வகுப்புகளில் அந்தப் பல்லை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெற்றிலை பாக்குக் கறை என்று வாத்தியார்களே திட்டுவார்கள், பாவம் பிள்ளைகள். ஒன்று கவனித்துக்கொள்: கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிச் செறிவுதான் கூடும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது கால்சியம் கார்பனேட், எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். அது படிவதைப் பார்த்து எல்லாம் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. புளோரைடைப் பிடித்து உட்கார வைப்பதே கால்சியம்தான், அது குறைந்த மென்னீரில்தான் புளோரைடு அதிகமாக மிதக்கும். தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை, நன்றாகச் சோப்பு நுரைக்கிறது என்பதை வைத்து நல்ல தண்ணீர் என்று முடிவு செய்யவும் முடியாது. பரிசோதித்தால்தான் தெரியும்.

ஒரே தனிமம், யாரோடு எந்த நிலையில் சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஆளே மாறிப்போகும் என்பதற்கு இன்னொரு உள்ளூர்ச் சாட்சி குரோமியம். இயற்கையில் குரோமைட் தாதுவாக, இரும்போடும் ஆக்சிஜனோடும் சாதுவாகக் கிடக்கும். மாணிக்கக் கல்லின் சிவப்பே ஒரு சிட்டிகை குரோமியம்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் தோலைப் பதனிடுவது ஆக்சிஜனேற்ற எண் (ஓர் அணு எத்தனை எலக்ட்ரானை விட்டுக்கொடுத்திருக்கிறது என்ற கணக்கு) 3 உள்ள குரோமிய உப்பு, தோலுக்கு வெளிர்நீலம் ஏறும், 'வெட் ப்ளூ' என்பார்கள். அதே குரோமியம் எண் 6-க்கு ஏறினால் மஞ்சள், தண்ணீரில் எளிதில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் அதைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் நிற்பதை அந்த வழியாகப் போனவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அங்கே குரோமியம் இருக்கிறதா என்று கேட்பதில் பொருளில்லை, எந்த எண்ணில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

குரோமியம் வருவதற்கு முன் இதே ஊர்களில் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையும் கடுக்காயும். இரண்டிலும் டானின், அதாவது துவர்ப்பு. தோலின் புரதத்தை நெருக்கிப் பிடித்துக் கெட்டுப்போகாமல் காக்கும். வாரக்கணக்கில் ஊற வேண்டும், குரோமியத்துக்கு ஒரு நாள் போதும், அதனால்தான் தோற்றது. ஜவ்வாது மலைக் கடுக்காயைக் கடித்ததும் நாக்கு இழுக்கிறதே, அங்கேயும் தோல் பதனிடல்தான் நடக்கிறது, உன் எச்சில் புரதத்தின் மேல். அந்த மலைச் சந்தனத்தின் வாசனைக்குக் காரணம் 'சாண்டலால்' என்ற சேர்மம். அதில் இருப்பதெல்லாம் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே, சர்க்கரையில் இருக்கும் அதே மூன்று. கரிமச் சேர்மங்கள் ஒரு தனிக் கடல், அதை இன்னொரு நாள் கேள்.

பள்ளியில் செயல்திட்டம் செய்யச் சொன்னால் இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், பணம் செலவில்லை. மல்லாட்டை வேர் ஒன்று, வெங்கச்சங்கல் இரண்டு, காக்காப்பொன் ஒரு தகடு, பாத்திர அடியில் சுரண்டிய வெள்ளைப் பொடி, செம்மண். பழைய ஸ்பீக்கரை உடைத்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஆற்று மணலில் இழுத்துக்கொண்டு போனால் பத்து நிமிஷத்தில் மீசை வைத்த மாதிரி மேக்னடைட் ஒட்டும். ஆனால் காந்தத்தை முதலில் ஒரு பாலித்தீன் கவருக்குள் போட்டு முடிச்சுப் போட்டுவிடு. நான் அப்படிச் செய்யாமல், ஒட்டிய பொடியைக் காந்தத்திலிருந்து பிரிக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பல் துலக்கும் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தேன்.